வைஃபை எங்கே தேய்கிறது? ஈஎஸ்பி32 போர்டால் வளவை அளந்து பார்க்கும் வழி

வன்னியில் பெரும்பாலான வீடுகளுக்கு இணையம் இரண்டு தாவலில் வந்து சேர்கிறது. டவரிலிருந்து 4ஜி ரவுட்டர் வரை ஒரு தாவல். ரவுட்டரிலிருந்து கைபேசி வரை வைஃபையாக இன்னொரு தாவல். "நெற் சிலோவாக் கிடக்கு" என்று சொல்கிறவர்களில் பலருக்கு இந்த இரண்டில் எது நொண்டுகிறது என்று தெரியாது. தெரியாமலே பக்கேஜை மாற்றுகிறார்கள், புது ரவுட்டர் வாங்குகிறார்கள், கடைக்காரர் சொன்ன வைஃபைப் பெருக்கியைக் குசினிச் சுவரில் கொழுவுகிறார்கள். காசு போனபின்பும் கிணற்றடியில் வட்ஸ்அப் அழைப்பு அறுந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது தாவலை நீங்களே அளக்கலாம். ஈஎஸ்பி32 என்ற சிறிய போர்டு ஒன்று போதும். சுற்றிலும் என்னென்ன வைஃபை வலையமைப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்தச் சேனலில் (அலைவரிசைப் பிரிவில்), எவ்வளவு வலுவில் கேட்கிறது என்று சில செக்கனுக்கு ஒருமுறை அது எழுதிக் காட்டும். நிரல் எழுதிப் பழகாதவரும் ஒரு மாலைப்பொழுதில் இதை இயக்கிவிடலாம்.

கைபேசியிலேயே இதற்கான செயலிகள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அண்ட்ரொய்ட் 9 முதல், ஒரு செயலி 2 நிமிடத்தில் 4 முறைதான் புதிதாகத் தேட முடியும். அதற்கு மேல் கேட்டால் பழைய விடையே திரும்பி வரும். நீங்கள் விறாந்தையிலிருந்து குசினிக்குப் போய் நின்றாலும் திரையில் விறாந்தையின் அளவு நிற்கும். ஐபோனில் செயலிகளுக்கு இந்தப் பட்டியலையே தருவதில்லை. ஈஎஸ்பி32 இல் இப்படி எந்தத் தடையும் இல்லை.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை

போர்டுகள் பெரும்பாலும் கொழும்புக் கடைகளிலிருந்து தபாலிலோ கூரியரிலோதான் வரும். பிழையானதை வாங்கினால் திருப்பி அனுப்புவது அலைச்சல். ஆகவே ஓடர் கொடுக்குமுன் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, அன்டெனா. போர்டின் மேல் உள்ள வெள்ளித் தகட்டு மூடியில் ஈஎஸ்பி-வ்ரூம்-32 என்று இருக்கவேண்டும். அந்த மூடிக்கு அப்பால், போர்டின் நுனியில் பாம்புபோல் வளைந்து வளைந்து போகும் செப்புக் கோடு தெரியும். அதுதான் அன்டெனா. பெயரின் கடைசியில் "யூ" என்ற எழுத்துச் சேர்ந்திருந்தால் அந்தக் கோடு இருக்காது. வெளி அன்டெனா கொழுவுவதற்கான பொட்டளவு வட்டப் பொருத்தி மட்டுமே இருக்கும். அன்டெனா இல்லாமல் அதை இயக்கினால் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தாலும் மிகப் பலவீனமான அளவுதான் காட்டும். போர்டு பழுது என்று நினைத்துத் தூக்கி வைப்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது, கேபிள். சாச்சருடன் வரும் மலிவான யூஎஸ்பி கேபிள்கள் சிலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டும் இருக்கும், தரவுக் கம்பிகள் இருக்காது. போர்டில் சிவப்பு விளக்கு எரியும், கணினி மட்டும் எதையும் காணாது. புதியவர்கள் முதல் நாளில் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கைபேசியிலிருந்து கணினிக்குப் படம் மாற்றிய கேபிள் ஒன்றை எடுங்கள், அதில் தரவுக் கம்பி இருப்பது உறுதி. போர்டின் வாய் மைக்ரோ யூஎஸ்பியா டைப்-சியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை தவிர, வளவில் நடந்து அளப்பதற்கு, கைபேசியில் யூஎஸ்பி கருவிகளைச் சொருக உதவும் ஓடிஜி இணைப்பான் ஒன்று வேண்டும். மடிகணினியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிவரை போகத் தேவையில்லை, அண்ட்ரொய்ட் கைபேசியே திரையாகவும் மின்சாரமாகவும் இருக்கும். வேறு எதுவும் வாங்கவேண்டாம். ஈயம் உருக்கி ஒட்டும் வேலை கிடையாது. ஈஎஸ்பி8266 போர்டு ஏற்கெனவே கையில் இருந்தால் அதுவும் இந்த வேலைக்குப் போதும், ஆனால் கீழே வரும் மெனுத் தெரிவுகளும் நிரல் மாற்றங்களும் ஈஎஸ்பி32 க்கு உரியவை. கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ உறவில் யாராவது படித்தால் முதலில் அவரிடம் கேட்டுப் பாருங்கள். இந்தப் போர்டுகள் மாணவர்களின் மேசை லாச்சியில் கிடப்பவை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண ஈஎஸ்பி32 கேட்பது 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையை மட்டுமே. உங்கள் ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸிலும் அனுப்பினால் அந்தப் பாதி இதன் காதில் விழாது. வன்னி வளவுக்கு இது பெரிய குறையல்ல. தூரத்துக்கும் சுவருக்கும் தாக்குப்பிடிப்பது 2.4 தான்.

கணினியில் ஏற்றுவது

ஆர்டுயினோ ஐடிஈ என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அதைத் திறந்து இடப்பக்கத்தில் உள்ள போர்ட்ஸ் மேனேஜரில் ஈஎஸ்பி32 என்று தேடி, எஸ்பிரெசிஃப் நிறுவனம் வெளியிட்டதைத் தெரிவு செய்து நிறுவவேண்டும். இறங்குவது சில நூறு மெகாபைட். கைபேசித் தரவில் செய்வதானால் அளவு மீந்து கிடக்கும் நேரமாகப் பாருங்கள். இணைப்பு இடையில் அறுந்தால் நிறுவல் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். பயப்படவேண்டாம், மீண்டும் அதே பொத்தானை அழுத்துங்கள். முழுதாக இறங்கி முடிந்த கோப்புகளை அது பெரும்பாலும் மறுபடி இறக்காது. பட்டியலில் எஸ்பிரெசிஃப் பெயரே வரவில்லை என்றால், ஃபைல் மெனுவில் பிரெஃபரன்சஸ் பக்கத்தைத் திறந்து, கூடுதல் போர்டுகளுக்கான பெட்டியில் எஸ்பிரெசிஃப் தரும் முகவரியை ஒட்டிவிட்டு மறுபடி தேடுங்கள்.

இனிப் போர்டைச் சொருகுங்கள். டூல்ஸ் மெனுவில் போர்டு என்ற இடத்தில் ஈஎஸ்பி32 டெவ் மொடியூல் என்பதையும், போர்ட் என்ற இடத்தில் புதிதாகத் தோன்றிய பெயரையும் தெரிவு செய்யவேண்டும். எது புதியது என்று தெரியாவிட்டால் கேபிளைக் கழற்றிப் பட்டியலைப் பாருங்கள், பிறகு சொருகிப் பாருங்கள். கூடுதலாக வந்ததுதான் உங்களுடையது. எதுவுமே கூடவில்லை, கேபிளும் நல்லது என்றால், யூஎஸ்பி வாய்க்குப் பக்கத்தில் உள்ள சிறிய கறுப்புச் சில்லில் எழுதியிருப்பதை வாசியுங்கள். சிஎச்340 அல்லது சிபி2102 என்று இருக்கும். அந்தப் பெயருக்குரிய டிரைவரை நிறுவினால் தோன்றும். லினக்ஸ் பாவிப்பவர்கள் தங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி, மறுபடி உள்நுழையவேண்டும்.

நிரலை எழுதவேண்டியதில்லை. ஃபைல், எக்சாம்பிள்ஸ், வைஃபை, வைஃபைஸ்கேன் என்று வரிசையாகப் போனால் ஆயத்தமான நிரல் திறக்கும். மேலே உள்ள அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினால் அது போர்டில் ஏறும். கனெக்டிங் என்று எழுதி, புள்ளி புள்ளியாக ஓடி, கடைசியில் பிழை என்று நின்றால், அடுத்த முறை அந்தப் புள்ளிகள் தோன்றத் தொடங்கியவுடன் போர்டிலுள்ள பூட் என்ற சிறு பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். ஏற்றம் தொடங்கி வீதம் ஓட ஆரம்பித்ததும் விட்டுவிடலாம். சில போர்டுகளுக்கு ஒவ்வொரு முறையும் இது தேவைப்படும்.

ஏறி முடிந்ததும், போர்டு அனுப்பும் வரிகளைக் காட்டும் சீரியல் மொனிற்றரைத் திறந்து, அதன் மூலையில் வேகத்தை 115200 என்று வையுங்கள். வேறு எண் இருந்தால் எழுத்துக்குப் பதிலாகக் கிறுக்கல் வரும். எதுவுமே வராவிட்டால் போர்டிலுள்ள ஈஎன் பொத்தானை ஒருமுறை தட்டுங்கள்.

வரும் வரிகளை வாசிப்பது

திரையில் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடும். தமிழில் எழுதினால் ஒரு சுற்று இப்படி இருக்கும்:

1 | வீடு | -58 | 6 | டபிள்யூபிஏ2
2 | போன் | -72 | 11 | டபிள்யூபிஏ2
3 | அயல் | -81 | 6 | டபிள்யூபிஏ2
4 | கடை | -88 | 1 | திறந்தது

முதலில் வரிசை எண், பிறகு பெயர், வலு, சேனல், பூட்டு வகை. ஈஎஸ்பி32 வலுவானதை மேலே வைத்துத்தான் தருகிறது. ஆகவே அடுத்த சுற்றில் உங்கள் வீடு 2 ஆவது இடத்துக்கு இறங்கலாம். எண்ணைப் பார்க்காமல் பெயரைப் பாருங்கள்.

வலுவைக் காட்டும் அந்தக் கழித்தல் எண்தான் இந்த வேலையின் உயிர். அதன் அலகு டிபிஎம். 0 டிபிஎம் என்றால் ஒரு மில்லிவாற். அங்கிருந்து ஒவ்வொரு 10 இறக்கத்துக்கும் வலு பத்தில் ஒன்றாகக் குறைகிறது. -30 என்பது மில்லிவாற்றில் ஆயிரத்தில் ஒன்று, -60 என்பது பத்து லட்சத்தில் ஒன்று. ஆகவே -58 க்கும் -78 க்கும் இடையில் இருப்பது "இருபது" அல்ல, நூறு மடங்கு. 3 குறைந்தால் வலு பாதி என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில், -67 வரை வீடியோ அழைப்பு தடையின்றி ஓடும். -67 க்கும் -75 க்கும் இடையில் செய்தியும் குரல் அழைப்பும் போகும், வீடியோ சில நேரம் உறையும். -80 ஐத் தாண்டினால் பெயர் தெரியும், இணைப்பு நிலைக்காது. இந்த அளவுகளைவிட 5 டிபி வலுவாக இருக்கும்படி மிச்சம் வைத்தே கணக்குப் போடுங்கள் (இரண்டு டிபிஎம் அளவுகளுக்கிடையிலான வித்தியாசத்தை டிபி என்பார்கள்). ஏனென்றால் போர்டு கேட்பது ரவுட்டரின் குரலை மட்டும். கைபேசியின் குரல் ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பதை இது சொல்லாது. கைபேசி பொதுவாக ரவுட்டரைவிட மெல்லவே பேசும்.

பெயரைப் பற்றி ஒரு சிறு விடயம். வைஃபைப் பெயருக்கு 32 பைட் இடம்தான் உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். புள்ளியும் கொம்பும் விசிறியும் தனித்தனிக் குறியாகவே எண்ணப்படும். வவுனியா 21 பைட், தாராளமாகக் கொள்ளும். கிளிநொச்சி 30 பைட், மட்டுமட்டாக உள்ளே வரும். முல்லைத்தீவு 36 பைட், ஆகவே முழுப்பெயர் வைக்க ரவுட்டர் விடாது. சீரியல் மொனிற்றரில் தமிழ்ப் பெயர் வடிவாகத் தெரியும். பின்னாளில் சிறிய ஓலெட் திரை பூட்டினால் அதன் எழுத்துருவில் தமிழ் இல்லாததால் கிறுக்கலாகத்தான் வரும். அது வயர் பிழையல்ல.

உங்கள் சொந்த ரவுட்டரின் வரியில் கடைசியாகத் திறந்தது என்றோ வெப் (எளிதில் உடையும் பழைய பூட்டு வகை) என்றோ இருந்தால் அளக்கும் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதை டபிள்யூபிஏ2 க்கு மாற்றி, கடவுச்சொல்லும் போடுங்கள்.

நிரலில் மாற்றவேண்டிய இரண்டு இடங்கள்

நிரலின் அடியில் காத்திருக்கும் நேரம் 5000 அல்லது 10000 என்று, பதிப்பைப் பொறுத்து, மில்லிசெக்கனில் இருக்கும். அதை 1000 ஆக்குங்கள்.

அடுத்தது ஸ்கேன்நெட்வேர்க்ஸ் என்ற சொல்லுக்குப் பின்னால் வெறுமையாக இருக்கும் அடைப்புக்குறி. அதற்குள் ஐந்து மதிப்புகள் கொடுக்கலாம், காற்புள்ளியிட்டு, ஆங்கிலச் சிற்றெழுத்தில்: ஃபால்ஸ், ட்ரூ, ஃபால்ஸ், 300, 6. முதலாவது, தேடி முடியும்வரை காத்திரு என்பது. இரண்டாவது, பெயரை மறைத்து வைத்திருக்கும் வலையமைப்பையும் காட்டு என்பது. அவை பெயரில்லா வெற்று வரியாக வரும். மூன்றாவது, தானும் குரல் கொடுத்துத் தேடு என்பது. நான்காவது, ஒரு சேனலில் அதிகபட்சம் எத்தனை மில்லிசெக்கன் நிற்கவேண்டும் என்பது. ரவுட்டர்கள் வழக்கமாக 102.4 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை தங்கள் பெயரை அறிவிக்கின்றன. ஆகவே நான்காவதை 120 க்குக் கீழே இறக்கவேண்டாம், போர்டு அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் நடுவில் வந்து போய்விடும். ஐந்தாவது, தேடவேண்டிய சேனல். உங்கள் ரவுட்டர் 6 ஆம் சேனலில் என்று தெரிந்தபின் 6 என்று போட்டால், 13 சேனலும் சுற்றும் நேரம் மிச்சம். மாற்றியதும் அம்புக்குறிப் பொத்தானை அழுத்தி நிரலை மறுபடி ஏற்றினால், ஏறத்தாழச் செக்கனுக்கொரு அளவு வரும். ரவுட்டர் தானாகச் சேனல் மாற்றுகிற வகை என்றால் அளந்து முடியும்வரை ஒரே சேனலில் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் அது 11 க்குத் தாவியவுடன் பட்டியல் வெறுமையாகும்.

"-2 வலையமைப்புகள்" என்று ஒரு விசித்திரமான வரி வரலாம். வலையமைப்பை எண்ணி வந்த எண் அல்ல அது. தேடல் தோற்றது என்பதற்கான குறி, எடுத்துக்காட்டு நிரல் அதையும் எண்ணிக்கைபோல அச்சடித்துவிடுகிறது. போர்டு அதே நேரம் ஏதாவது வைஃபையில் இணைய முயன்றுகொண்டிருந்தால் இது நடக்கும். நிரலின் தொடக்கத்தில் உள்ள துண்டிக்கும் வரியை நீக்காமல் விட்டிருந்தால் பெரும்பாலும் வராது.

பிரவுன்அவுட் என்ற சொல் வந்து போர்டு திரும்பத் திரும்பத் தொடங்கினால் மின்சாரம் போதவில்லை. வைஃபை குரல் கொடுக்கும் கணத்தில் இந்தச் சில் 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். 500 மில்லிஆம்பியராவது தரக்கூடிய மூலம் வேண்டும். நீளமான மெல்லிய கேபிளை மாற்றிக் குட்டையானதைப் போடுங்கள். கேபிள் மாற்றியும் தீராவிட்டால், போர்டுக்கு மின்சாரம் போகும் வின் என்ற காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் 470 மைக்ரோஃபராட் கப்பாசிற்றர் ஒன்று, கோடு போட்ட பக்கம் கிரவுண்டில் இருக்கும்படி.

வளவை அளப்பது

கைபேசியில் சீரியல் யூஎஸ்பி டெர்மினல் என்ற செயலியை நிறுவி, ஓடிஜி வழியாகப் போர்டைச் சொருகி, வேகம் 115200 என்று வைத்து இணையுங்கள். கணினியில் வந்த அதே வரிகள் கைபேசியில் ஓடும். போர்டை அன்டெனா நுனி மேலே பார்க்கும்படி பிடிக்கவேண்டும். அந்த நுனியை விரலால் மூடினால் அளவு சட்டென்று விழும். வேண்டுமென்றே ஒருமுறை மூடிப் பாருங்கள், பிறகு மறக்கமாட்டீர்கள். உங்கள் உடம்பும் ஒரு சுவர்தான். ரவுட்டருக்கு முதுகு காட்டி நிற்கவேண்டாம்.

தாளில் வீட்டின் படம் கீறி, புள்ளிகள் குறியுங்கள்: ரவுட்டரிலிருந்து 2 மீற்றர், சாமி அறை, விறாந்தை, குசினி, கிணற்றடி, படலை. ஒவ்வொரு புள்ளியிலும் பத்து அளவு எடுக்கவேண்டும். ஒரே அளவை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். விறாந்தையில் பத்து அளவு இப்படி வந்தது என்று வைப்போம்: -61, -63, -60, -62, -74, -61, -64, -62, -60, -63. வலுவிலிருந்து பலவீனத்துக்கு அடுக்கினால் நடுவில் நிற்கும் இரண்டும் -62. அதைத்தான் தாளில் எழுதவேண்டும். அந்த -74, யாரோ குறுக்கே நடந்த கணமாக இருக்கலாம். அதை மட்டும் பார்த்துவிட்டு வந்திருந்தால் 12 டிபி பிழையோடு திட்டம் போட்டிருப்பீர்கள். நின்ற இடத்திலிருந்து ஒரு சாண் நகர்ந்தாலே சில டிபி மாறும், அலைகள் சுவரில் தெறித்து ஒன்றையொன்று கூட்டியும் கெடுத்தும் வருவதால் அப்படி. ஆகவே பத்தையும் ஒரே புள்ளியில் சிலைபோல் நின்று எடுக்காமல், ஒரு அடி வட்டத்துக்குள் மெல்ல அசைந்து எடுங்கள்.

இனி, சுவர் எவ்வளவு தின்கிறது என்று கண்டுபிடிப்பது. தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டிபி குறையும். 2 மீற்றரில் -45 என்றால், 4 மீற்றரில் -51, 8 இல் -57, 16 இல் -63, 32 இல் -69. கிணறு 32 மீற்றரில் இருந்து, அங்கே -82 வந்தால், தூரத்தின் பங்கு -69 வரைதான். மிச்சம் 13 டிபியை இடையில் எதுவோ தின்றிருக்கிறது. இந்தக் கழித்தல் கணக்கைச் செய்தவர் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கி வாங்கமாட்டார். அந்த 13 எங்கே போனது என்று நடந்து பார்ப்பார்.

வன்னி வீடுகளில் அது பெரும்பாலும் தகரத்தில் போகும். சீமெந்துக் கல்லுச் சுவர் சிறிதளவு எடுக்கும், ஓட்டுக்கூரை பொருட்டில்லை, கிடுகு காய்ந்திருந்தால் வைஃபைக்கு இருப்பதே தெரியாது. தகரம் அப்படியல்ல, உலோகம் வானொலி அலையைத் திருப்பி அடித்துவிடும். ஒரு துண்டுத் தகரத்தை எடுத்து இதைக் கண்ணால் காணலாம். ரவுட்டரிலிருந்து 3 மீற்றரில் போர்டை மேசையில் வைத்து ஐந்து அளவு எடுங்கள். போர்டுக்கு ஒரு சாண் முன்னால், ரவுட்டரை மறைக்கும்படி தகரத்தை நிமிர்த்திப் பிடித்து இன்னும் ஐந்து. எண் விழும். ஆனால் முற்றாக மறையாது, சுவரில் தெறித்தும் ஓரத்தைச் சுற்றி வளைந்தும் கொஞ்சம் வந்துவிடும். இப்போது அதே தகரத்தைப் போர்டுக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள், சில இடத்தில் எண் கூடவும் செய்யும். தகர வேலியும் தகரக் கொட்டிலும் உங்கள் வளவில் எங்கே எங்கே நிற்கின்றன என்று இனிப் புதுக் கண்ணோடு பார்ப்பீர்கள். தண்ணீரும் அலையைக் குடிக்கும். நிரம்பிய தண்ணீர்த் தாங்கி, வாழைப் புதர், மழையில் நனைந்த முருங்கை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஆவணியில் எடுத்த அளவைக் கார்த்திகையில் ஒருமுறை சரிபாருங்கள்.

அளந்தபின் என்ன செய்வது

குசினியில் -55 இருந்தும் இணையம் இழுக்கிறதா? வைஃபையில் குற்றமில்லை. நோய் முதல் தாவலில். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளிலுள்ள முகவரியைக் கைபேசி உலாவியில் அடித்து உள்ளே போனால் 4ஜி வலுவை ஆர்எஸ்ஆர்பி என்ற பெயரில் காட்டும். -90 ஐவிட நல்லதாக இருந்தால் திருப்தி, -110 க்கும் கீழே போனால் மோசம். இந்த எண்ணையும் ஈஎஸ்பி32 காட்டும் எண்ணையும் ஒப்பிடவேண்டாம், இரண்டும் வேறு முறையில் அளப்பவை.

இங்கேதான் ஒரு இழுபறி வரும். 4ஜிக்கு நல்ல இடம் டவர்ப் பக்கத்து யன்னல், உயரத்தில். வைஃபைக்கு நல்ல இடம் வீட்டின் நடு. முதலில் 4ஜியை வெல்ல விடுங்கள். உள்ளே வராத இணையத்தை வைஃபை பரப்ப முடியாது. ரவுட்டரை யன்னலில் வைத்து, அங்கிருந்து லான் கேபிள் இழுத்து வீட்டு நடுவில் வைஃபையைப் பரப்பும் அக்சஸ் பொயின்ற் ஒன்றை இரண்டாவதாக வைப்பதே உறுதியான தீர்வு. கேபிள் 100 மீற்றர் வரை போகும், குசினி தனிக் கட்டடமாக இருந்தாலும் எட்டும். வெளியில் கம்பத்தில் கருவி ஏற்றுவதானால் புவித்தொடுப்புச் செய்யாமல் ஏற்றவேண்டாம். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி முழக்கம் தொடங்கினால் மின் செருகியையும் லான் கேபிளையும் இரண்டையும் கழற்றுங்கள். மின்னல் கேபிள் வழியாகவும் வரும்.

கேபிள் இழுக்க வழியில்லாமல் பெருக்கிதான் வாங்குவதென்றால், அதை சிக்னல் இல்லாத இடத்தில் வைக்காதீர்கள். பலரும் செய்யும் பிழை இது. பெருக்கி தான் கேட்டதைத்தான் திருப்பிச் சொல்லும். -82 இல் அரைகுறையாகக் கேட்டதை அது உரக்கச் சொன்னாலும் அரைகுறைதான். கைபேசியில் கம்பிகள் நிரம்பி நிற்கும், பக்கம் திறக்காது. போர்டோடு ரவுட்டரிலிருந்து கிணற்றடி நோக்கி நடந்து, -65 வரும் இடத்தில் நில்லுங்கள். பெருக்கிக்கு அதுவே இடம்.

சேனலைப் பற்றி நிறையப் பேச்சு உண்டு. கிளிநொச்சிச் சந்தையடியிலோ வவுனியா பஸ் நிலையத்தடியிலோ கடை வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தும். சேனல்களுக்கிடையே 5 மெகாஹேர்ட்ஸ்தான் இடைவெளி, ஒரு வலையமைப்போ 20 மெகாஹேர்ட்ஸ் அகலம். ஆகவே ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 மட்டும். பட்டியலில் இந்த மூன்றில் எதில் வலுவான அயலவர்கள் குறைவோ அதற்கு மாறுங்கள். காலியாகத் தெரிகிறதே என்று 3 இலோ 8 இலோ வைத்தால் இரண்டு பக்கத்தாரோடும் உரசுவீர்கள். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒருவர் பேசும்போது மற்றவர் பொறுத்திருப்பார்கள். அரைகுறையாக மேற்படிந்தவர்களுக்கு மற்றவர் பேச்சு வெறும் இரைச்சல். ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கத்தில் பட்டியலில் மூன்று பெயர்தான் வருகிறது, மூன்றும் -80 க்குக் கீழே என்றால், சேனலைத் தொடவேண்டியதேயில்லை. 12 உம் 13 உம் சில கைபேசிகளுக்குத் தெரியாது, அந்தப் பக்கம் போகவேண்டாம்.

அயலவரின் பெயர்கள்

இந்தப் போர்டு செய்வது, ரவுட்டர்கள் தாமாக வெளியே அறிவிக்கும் பெயரைக் கேட்பது மட்டும். யாருடைய கடவுச்சொல்லும் இதற்குத் தெரியாது, யாருடைய செய்தியும் இதற்குள் வராது. அந்த எல்லையைத் தாண்டி, அயலவரின் இணைப்பைத் துண்டிக்கும் நிரல்களையோ கடவுச்சொல் உடைக்கும் நிரல்களையோ இதே போர்டில் ஏற்றித் தரும் ஆக்களும் இருக்கிறார்கள். தொடவேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளை இணைய வகுப்பில் இருக்கும்போது அறுக்கும் கத்தி அது. அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவது இலங்கையின் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றமும்கூட. முகாம், பொலிஸ் நிலையம் அருகே வயர் தொங்கும் போர்டோடு நின்று அளக்கவும் வேண்டாம். சொந்த வளவுக்கு வெளியே அளப்பதென்றால் அந்த வளவுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பட்டியலை உதவி கேட்டு முகநூலில் போடுவதானால் முதலில் பெயர்களை மறையுங்கள். நிரலில் பிஎஸ்எஸ்ஐடியையும் (ரவுட்டருக்கே உரிய தனி அடையாள எண்) அச்சிடச் சொல்லியிருந்தால், இரண்டிரண்டாகப் பிரித்த ஆறு சோடிக் குறிகளாக வரும் அந்த எண்ணை நிச்சயம் மறைக்கவேண்டும். ரவுட்டர்களின் அந்த எண்ணை இடத்தோடு சேர்த்துத் திரட்டிய தரவுத்தளங்கள் உலகில் இருக்கின்றன. கைபேசிகள் தம் இருப்பிடத்தைக் கண்டுகொள்வதில் ஒரு பங்கு அதனால்தான். எண் வெளியே போனால், படலையில் இலக்கம் எழுதாத வீடும் வரைபடத்தில் ஒரு புள்ளியாகிவிடும்.